காதல் கதையில் துப்பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் காதல் நாவலும் தொடர்கதையும் குறும்படத் திரைக்கதையும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எழுதியதை அச்சுக்கோ படப்பிடிப்புக்கோ போகும் முன் எனக்குப் படிக்கக் கொடுப்பார்கள். பாதிக் கதைகளில் எங்கேயாவது ஒரு துப்பாக்கி வந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல் வாங்கிப் படித்து வளர்ந்தவள் நான். இந்த வகைக் கதைகள் மேல் எனக்கு உண்மையான பிரியம் உண்டு. அதனால்தான் அந்தத் துப்பாக்கிக் காட்சிகள் சரியாக வர வேண்டும் என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது கதை எழுதத் தேவையான அளவுக்குத்தான்.

என் கதாநாயகன் இளம் தொழிலதிபர். கோட்டுக்குள் எப்போதும் ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வைத்திருப்பான். புதுச்சேரியில் இது நடக்குமா?

நீங்கள் எழுதியிருக்கிற மாதிரி நடக்காது. 9 எம்.எம். பிஸ்டல் தடைசெய்யப்பட்ட ரகம். போலீஸும் ராணுவமும் வைத்திருக்கும் அந்தத் துப்பாக்கி, ஒரு வியாபாரிக்குச் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. சட்டப்படி வைத்திருக்கிறான் என்றால் .32 ரிவால்வர் என்று எழுதுங்கள். கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலையில் செய்யப்படுவது அது.

உரிமம் வாங்குவதும் எளிதில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின்படி 21 வயது முடிந்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, உயிருக்கு என்ன ஆபத்து என்று காரணம் சொல்ல வேண்டும். அப்புறம் போலீஸ் வந்து விசாரிக்கும். அக்கம்பக்கத்திலும் கேட்கும். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இந்த விவரங்களைத் தடையாக நினைக்காதீர்கள், இவற்றுக்குள்ளேயே கதை இருக்கிறது. தேர்தல் அறிவித்ததும் உரிமம் உள்ளவர்களைத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஆபத்து நெருங்கும் வாரத்தில் உங்கள் நாயகனின் ரிவால்வர் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது, அவன் கையில் ரசீது மட்டும் இருக்கிறது என்றால் எப்படி இருக்கும்? அடுத்தது எல்லை. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. தமிழ்நாட்டுக்கு நடுவில் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. கடலூர் ரோட்டில் முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு போலீஸ். உரிமம் எந்தப் பகுதி வரை செல்லும் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும். காதலியைத் தேடி ராத்திரியில் காரை எடுக்கிறவன் அந்த வரியைத் தாண்டலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.

சாதாரணமாக இந்தப் பக்கம் யாரிடம் துப்பாக்கி இருக்கும்?

வங்கிக் காவலாளி, ஏ.டி.எம். பணவண்டியோடு வருகிற காவலாளி, முன்னாள் ராணுவத்தினர் சிலர், பயிரைக் காக்க உரிமம் வாங்கிய விவசாயிகள் சிலர், குறிபார்த்துச் சுடும் போட்டிக்குப் போகிறவர்கள். காவலாளிகளிடம் பெரும்பாலும் '12 போர்' என்கிற ஷாட்கன்தான். நம்மில் பலர் கையில் எடுத்துப் பார்த்தது கடற்கரையில் பலூன் சுடும் கடையின் ஏர் கன்னை மட்டும்தான். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் இரண்டு பேர் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான துப்பாக்கி எனக்குத் தெரியவில்லை.

ரிவால்வர், பிஸ்டல் எதைப் போட்டாலும் ஒன்றுதானே?

காட்சி மாறிவிடும். ரிவால்வரில் தோட்டாக்கள் உருளைக்குள் இருக்கும், பெரும்பாலும் ஆறு. சுட்ட பிறகு காலிக் கூடு உருளைக்குள்ளேயே தங்கிவிடும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் போகும் மேகசினில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் காலிக் கூடு வெளியே தெறித்து விழும். 'ரிவால்வரால் சுட்டான், காலிக் கூடு அவள் காலடியில் உருண்டது' என்று எழுதினால் தெரிந்தவர்கள் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்கள். அதே மாதிரி, குண்டு தீர்ந்துபோன பிஸ்டலை 'க்ளிக் க்ளிக்' என்று அழுத்திக்கொண்டிருப்பதும் பெரும்பாலான பிஸ்டல்களில் நடக்காது. கடைசித் தோட்டா போனதும் மேல்பாகம் பின்னால் போய் நின்றுவிடும்.

சைலன்சர் போட்டால் சத்தமே வராதா?

வரும். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலுக்கு மேல் போகிறது. சைலன்சர் அதில் சுமார் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். அதற்குப் பிறகும் பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார். சாதாரண ரிவால்வரில் சைலன்சர் போட்டும் பெரிய பயனில்லை. உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகச் சத்தம் வெளியேறிவிடும்.

நாயகன் தோளில் குண்டு பாய்கிறது. நாயகி கத்தியைச் சூடு பண்ணி குண்டை வெளியே எடுக்கிறாள். அந்த இரவில்தான் இருவருக்கும் காதல் பிறக்கிறது. இது சரியா?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இது. காட்சியின் உணர்ச்சி சரி, வைத்தியம் தப்பு.

தோளைப் பாதுகாப்பான இடம் என்று சினிமா நம்மை நம்ப வைத்திருக்கிறது. கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும் கையை அசைக்கும் நரம்புக் கொத்தும் அந்த வழியாகத்தான் போகின்றன. அங்கே பாய்கிற குண்டு சில நிமிஷத்தில் உயிரை எடுக்கலாம், இல்லையென்றால் ஒரு கையை ஆயுளுக்கும் செயலிழக்கச் செய்யலாம். மூன்றாம் நாள் அதே கையால் நாயகியைத் தூக்கிச் சுற்ற முடியாது.

குண்டை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துவிடுவான் என்பதும் சினிமா சொல்லிக்கொடுத்ததுதான். உயிரை வாங்குவது ரத்தப்போக்கு. அதனால் நாயகி செய்ய வேண்டியது சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, முழு பலத்தோடு, விடாமல் அழுத்துவது. கத்தியால் நோண்டினால் ரத்தப்போக்கு அதிகமாகும். பல நேரங்களில் மருத்துவர்களே குண்டை உள்ளேயே விட்டுவிடுவார்கள், எடுக்கப்போனால் கூடுதல் சேதம் என்பதால்.

நம் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை அவருடைய ராமாவரம் வீட்டில் எம்.ஆர்.ராதா சுட்டார். குண்டு கழுத்தில் தங்கியது. அந்த வருஷத் தேர்தலுக்குக் கழுத்துக் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவரொட்டியாக வந்தது. அவர் வெற்றியும் பெற்றார். ஆனால் குரல் பழையபடி திரும்பவில்லை. அதற்கு முன்னால் வந்த ஒரு படத்தையும் பின்னால் வந்த ஒரு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒரே ஒரு குண்டு என்ன செய்யும் என்பது காதில் விழும். உங்கள் நாயகனுக்கும் அப்படி ஏதாவது ஒன்று மிஞ்சட்டும். மரத்துப்போன விரல், தூக்க முடியாத கை, ராத்திரியில் வரும் வலி. நாயகி அதோடு அவனை ஏற்றுக்கொள்வது எத்தனை அத்தியாயத்துக்குத் தாங்கும் விஷயம்!

ஆஸ்பத்திரிக்குப் போனால் 'இது போலீஸ் கேஸ், பார்க்க மாட்டோம்' என்று சொல்லிவிடுவார்களே?

சொல்லக்கூடாது. போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜிப்மருக்கோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ கொண்டுபோனால் சிகிச்சை ஆரம்பிக்கும், கூடவே போலீஸுக்குத் தகவலும் போகும். உங்கள் பாத்திரங்கள் போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரியைத் தவிர்க்கலாம். அது அவர்கள் எடுத்த முடிவாக எழுதுங்கள். ஆஸ்பத்திரி கதவைச் சாத்திவிடும் என்ற தவறான செய்தி உங்கள் கதை வழியாகப் பரவ வேண்டாம். அதை நம்பி நிஜத்தில் ஒருவர் தாமதிக்கக்கூடும்.

குண்டு பட்டவர் பறந்து போய் விழுவாரா?

மாட்டார். சுடுகிறவர் கையில் எவ்வளவு உதைப்பு இருக்குமோ, தோராயமாக அவ்வளவுதான் படுகிறவர் மேலும் இருக்கும். பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சரிவார்கள். தனக்குக் குண்டு பட்டதே முதலில் தெரியாமல் ஓடுகிறவர்களும் உண்டு.

நாயகன் நாயகியின் நெற்றியில் துப்பாக்கியை வைத்து 'என்னைக் கட்டிக்கோ' என்கிறான். அவளுக்குப் பயம், ஆனாலும் ஈர்ப்பு. வாசகிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கிறது. எழுதலாமா?

எழுதுவதும் விடுவதும் உங்கள் உரிமை. என் கருத்தை மறைக்க மாட்டேன். இந்தக் காட்சி எனக்கு வேதனை தருகிறது. படிக்கிறவர்களில் பதினாறு வயதுப் பெண்களும் இருக்கிறார்கள், மிரட்டுகிற ஒருவனோடு நிஜமாகவே வாழ்ந்துகொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். மிரட்டலைப் பாசத்தின் உச்சமாகக் காட்டும் வரி அவர்களையும் போய்ச் சேர்கிறது.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. கொன்றுவிடுவேன் என்று மிரட்டினால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. கட்டாயக் கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்தினால் 87ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை. ஆயுதச் சட்டம் தனி.

அபாயமான ஆண் மேல் ஈர்ப்பு என்பது இந்த வகை நாவலின் பழைய சரக்கு, அதை விடச் சொல்லவில்லை. அவன் கையில் துப்பாக்கி இருக்கட்டும். அது அவள் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும். அல்லது திரும்பட்டும். ஆனால் அதற்கு அப்புறம் அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று நேர்மையாக எழுதுங்கள். கை நடுக்கம், தூக்கமில்லாத இரவு, அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டாலே பதறுவது. இருநூறு பக்கம் கழித்து அவன் கேட்கிற மன்னிப்புக்கு அப்போதுதான் எடை வரும். அவள் மன்னிக்காமலும் போகலாம். அப்படி முடிகிற ஒரு கதையை எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்படுகிறேன்.

பெண் கையில் துப்பாக்கி கொடுத்தால் எடுபடுமா? நாவல் படமாகும்போது என்ன மாறும்?

நன்றாகவே எடுபடும். இரண்டு பெரிய உதாரணங்கள் இருக்கின்றன. 'டாக்டர் ஷிவாகோ' நாவலில் லாரா, தன்னைச் சீரழித்த கோமரோவ்ஸ்கியைச் சுடுவதற்காகக் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகிறாள். குண்டு அவன் மேல் படாமல் வேறொருவரை லேசாகக் காயப்படுத்துகிறது. 1965இல் வந்த படத்திலோ குண்டு கோமரோவ்ஸ்கியின் கையிலேயே படுகிறது. நாவலில் லாராவின் குழப்பத்தைப் பக்கம் பக்கமாகச் சொல்ல இடம் இருக்கிறது, குறி தவறுவதும் அந்தக் குழப்பத்தின் பகுதி. படத்தில் பார்வையாளர் சில நொடியில் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் குண்டு உரியவனைத் தேடிப்போகிறது. எனக்கு நாவலில் இருப்பதுதான் பிடிக்கும். ஆத்திரத்தில் சுடுகிற பழக்கமில்லாத கை அப்படித்தான் தவறும்.

இன்னொன்று 'கான் வித் த விண்ட்' என்ற அமெரிக்க நாவல். வீட்டுக்குள் நுழைந்த ராணுவத்தானை ஸ்கார்லெட் மாடிப்படியில் வைத்துச் சுடுகிறாள். சுட்டதைவிட எனக்கு மறக்காதது அதற்கு அடுத்த பகுதி. ரத்தம் தரையில் ஒழுகாமல் இருக்கச் செத்தவன் தலையைச் சுற்றிக் கட்டுவதற்கு அவளுடைய நாத்தனார் மெலனி, பிரசவித்த உடம்போடு, தன் உடையைக் கழற்றிக் கொடுக்கிறாள். பிறகு புதைக்க வேண்டும். சுட்டவுடன் காட்சியை வெட்டிவிடாதீர்கள். அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே உறவு இறுகுவது குண்டு வெடித்த பிறகுதான்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் நடக்கும் காதல் கதை எழுதுகிறேன். என்ன துப்பாக்கி?

1700களில் என்றால் சிக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கி. மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைப் போட்டு, குச்சியால் இடித்து, பற்றவைக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் மருந்து வைத்துத்தான் சுட முடியும். பழகிய சிப்பாய்கூட நிமிஷத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுடுவான். ஒவ்வொரு வெடிக்கும் வெள்ளைப் புகை கண்ணை மறைக்கும். ஐப்பசி மழையில் மருந்து நனைந்தால் வெடிக்கவே வெடிக்காது. நம் கடற்கரை ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே ஒரு துப்பாக்கிச் சண்டை வைத்தால் மருந்து நனைவதைக் கட்டாயம் யோசியுங்கள்.

அந்தக் காலத்து ஊரின் சத்தத்துக்கு, பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படியுங்கள். 1736இல் தொடங்கி 1761 வரை எழுதியிருக்கிறார். யார் வந்தார்கள், யாருக்கு மரியாதையாக எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று விடாமல் குறித்து வைத்திருக்கிறார். ஊர்க்காரர்களுக்கு வெடிச் சத்தம் சாப்பாட்டு வேளை மாதிரி பழகிப்போயிருந்தது.

கடலூரில் கதை வைப்பவர்களுக்கு இன்னும் நல்ல விஷயம் இருக்கிறது. 1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதைப் பீரங்கியை வைத்து முடிவு செய்தார்கள். நாலா பக்கமும் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. குண்டு உப்பலவாடி என்ற பெயரை இன்றும் பஸ்ஸில் பார்க்கிறோம். குண்டு எட்டிய ஊரில் ஒருத்தி, எட்டாத பக்கத்து ஊரில் அவளுக்கு நிச்சயித்தவன். ஒரே நாளில் அவர்களுக்கு நடுவே ஒரு எல்லை. யாராவது இதை எழுதுங்களேன்!

ஒற்றைக்கு ஒற்றை சண்டைக் காட்சி வேண்டும் என்றால் ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' செய்யுள் நாவலைப் பாருங்கள். மருந்து கொட்டுவது முதல் குழலில் குண்டு இறங்குவது வரை நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் நண்பனை நண்பன் சுடுவதற்கு வருகிறார். புஷ்கினே 1837இல் மனைவியை முன்னிட்டு வந்த இப்படிப்பட்ட சண்டையில் வயிற்றில் குண்டு பட்டு, இரண்டு நாள் வேதனைப்பட்டு இறந்தார்.

1910ஆம் ஆண்டு வாக்கில் என்றால்?

அப்போது நவீனக் கைத்துப்பாக்கி வந்துவிட்டது. ஆங்கிலேயரின் 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்கள் ஆயுதம் வைத்திருப்பதை அவர்கள் ஆட்சிப்பகுதியில் கட்டுப்படுத்தியது. புதுச்சேரி பிரெஞ்சு மண் என்பதால் அந்தச் சட்டம் இங்கே செல்லாது. வ.வே.சு. ஐயர் இங்கிருந்துதான் வாஞ்சிநாதனுக்குச் சுடப் பயிற்சி கொடுத்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சி சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். வாஞ்சிக்கு இளம் மனைவி இருந்தார். அவர் பக்கமிருந்து யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

காதல் தோல்வியில் துப்பாக்கியால் உயிரை விடும் முடிவு?

வேண்டாம் என்பேன். கட்டாயம் கதைக்குத் தேவை என்றால் அதை அழகாக்காதீர்கள், விவரிக்காதீர்கள். 1774இல் வந்த ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் 'வெர்தர்' நாவலில் நாயகன் அப்படித்தான் சாகிறான். அதைப் பார்த்து இளைஞர்கள் பின்பற்றிவிடுவார்கள் என்ற கவலையில் லைப்சிக் நகரில் அதை விற்கவே தடை விதித்தார்கள். அந்தக் கவலை இன்றும் தீரவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ படத்தின் முடிவிலோ அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 போடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

என் நாயகன் என்கவுன்டர் போலீஸ். சுட்டுவிட்டு நேராக நாயகி வீட்டுக்குப் போகிறான். சரிதானே?

அன்றைக்குப் போக முடியாது. 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி வழக்குப் பதிவு, வேறு அணியின் விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை எல்லாம் உண்டு. அவனுடைய துப்பாக்கி தடயவியல் சோதனைக்குப் போகும். எத்தனை ரவுண்டு போனது என்று கணக்குக் கொடுக்க வேண்டும். அவளிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று அவன் தவிக்கிற அந்த வாரங்களை எழுதினால் கதை ஆழமாகும்.

நரிக்குறவர் ஒருவரை நாட்டுத் துப்பாக்கியோடு காமெடிக்கு வைக்கலாமா?

வைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அவர்களுடைய வேட்டைத் தொழிலே போய்விட்டது. ஊசிமணி, பாசிமணி விற்றுப் பிழைக்கிறார்கள். 2023இல்தான் பழங்குடியினர் பட்டியலில் இடம் கிடைத்தது. அந்தச் சமூகத்துப் பெண்ணும் பையனும் காதலர்களாக வரும் கதையாக எழுதினால் மகிழ்ச்சி.

கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் காட்சி?

நம் பக்கத்துக் கல்யாணத்தில் அந்த வழக்கமே இல்லை, வடக்கத்திப் படங்களிலிருந்து வந்தது. அடுத்தவர் உயிருக்கு ஆபத்தாகும்படி அப்படிச் சுட்டால் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழே வந்தே தீரும்.

குறும்படத்துக்கு நிஜத் துப்பாக்கி கிடைக்கும் என்கிறார்கள். பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. 1993இல் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்தது, குழலில் சிக்கியிருந்த குண்டு முனையை வெற்றுத் தோட்டா தள்ளியதால். 2021இல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தது, ஆபத்தில்லாதது என்று நினைத்த துப்பாக்கிக்குள் நிஜத் தோட்டா இருந்ததால். தொழில்முறைப் படப்பிடிப்பில், அதற்கென்றே ஆள் வைத்தும் நடந்தது இது. ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்ததை வாங்குங்கள். நெருப்பையும் புகையையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். பொம்மையாக இருந்தாலும் ஆள் மேல் நேராக நீட்டாமல் கொஞ்சம் விலக்கிப் பிடித்து, கேமரா கோணத்தால் சரிசெய்யுங்கள். கடற்கரைச் சாலையிலோ தெருவிலோ எடுப்பதானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், அந்தப் பகுதி காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

சுடும்போது எப்படி இருக்கும் என்று எழுத, நேரில் அனுபவம் வேண்டாமா?

இருந்தால் நல்லது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களைக் கேளுங்கள். .22 ரைபிளால் சுட்டிருப்பார்கள். நானும் அப்படிச் சுட்டவள்தான். மனதில் நிற்பது கட்டையில் அழுத்திய கன்னத்தின் குளிர்ச்சி, மருந்து வாசனை, மூச்சை அடக்கி விசையை மெதுவாக இழுக்கும் அந்த நொடி. சுட்ட பிறகு காதுக்குள் வெகுநேரம் ஓர் இரைச்சல். குறியைவிட என் மூச்சைத்தான் அதிகம் கவனித்தேன்.

பழைய ஆயுதங்களைக் கண்ணால் பார்க்கச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போங்கள். தஞ்சாவூர் ஆயுதக் கிடங்கிலிருந்து வந்தவை எழும்பூரில் இருக்கின்றன. குழல் எவ்வளவு நீளம், தூக்கினால் எவ்வளவு கனக்கும் என்பதெல்லாம் அங்கே பிடிபடும். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை.